வெள்ளம் வடிந்தபின் வடிகட்டிய நீர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அம்பத்தூர் ஏரியின் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்வது. ஏரிகளின் இடையே வாழும் நமக்கு இவ்விடர் மீண்டும் வரலாம். வெள்ளம் வடிந்ததும் இல்லங்கள் முதலில் மீட்க வேண்டியது குடிநீரே. சம்ப் என வழங்கும் நிலத்தடித் தொட்டியில் சாக்கடை கலந்திருக்கும்.

நீரை மடித்த துணியில் வடிகட்டியே பயன்படுத்துதல் சாவகர் ஒழுக்கம். வடித்த நீர் இரண்டு நாழிகைக்கே, அதாவது 48 நிமிடங்களுக்கே உரியது. துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே சேர்த்தல் வேண்டும். (குழாய்நீர் வந்தபின் இதனை மறந்தோம்.)

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில், பழைய சேலையை நான்கு மடிப்பிற்குக் குறையாது மடித்து நீர் வடித்த ஊர்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. காலராக் கிருமிகள் நீர்வாழ் சிற்றுயிர்களின்மேல் ஒட்டியிருப்பதே காரணம். அவ்வுயிர்கள் துணியில் தங்கிவிடுகின்றன.

ஆயினும், துணியே போதும் என்பாரை நாம் ஏற்கோம். தனித்த கிருமிகள் துணியினூடே நுழைந்துவிடும். எனவே வடித்த நீரைக் கொதிக்கவைத்தே பருகுதல் வேண்டும். முனிவர்க்கு நாம் அளிப்பதும் காய்ச்சிய நீரே அன்றோ! பெட்ரோல், எண்ணெய் கலந்த நீரோ காய்ச்சினாலும் உதவாது.

அடுப்பு எரியும் இல்லத்தார் அண்டை வீட்டார்க்கும் சேர்த்துக் காய்ச்சுவார்களாயின், அதுவும் ஔடத தானமே. வேற்றுச் சமயத்தார் என்று பார்த்தல் தகாது.

மடித்த பருத்தித் துணியும் மூடியுள்ள குடமும் ஐப்பசி பிறக்குமுன் பரண்மேல் ஏறியிருத்தல் வேண்டும்.