சிறுமூளையும் பர்க்கின்ஜி செல்களும்

ஆட்காட்டி விரலால் மூக்கின் நுனியைத் தொட நாம் யோசிப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டும் தொட்டுவிடுகிறோம். ஆனால் கையில் போதிய வலுவிருந்தும் இதைச் செய்ய இயலாதோர் உளர். மூக்கை நெருங்க நெருங்க விரல் நடுங்கும். சிலவேளை குறி தவறிக் கன்னத்தில் படும். கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடி நடப்பர். நாக் குழறும். 'அட்டாக்ஸியா' எனும் இக்குறையுடையோரை வீதியில் காண்பவர்கள் குடிகாரர் என்றெண்ணி ஒதுங்குவதுண்டு. என்ன கொடுமை! (மதுவும் இதே சிறுமூளையைத்தான் தடுமாறச் செய்கிறது என்பது வேறு செய்தி.)

சிறுமூளை நம் பிடரிக்குச் சற்று மேலே, பெருமூளையின் அடியில் உள்ளது. பருமனில் மூளையின் 10-ல் ஒரு பங்குதான். எனினும் மூளையின் நரம்புச் செல்களில் பாதிக்கு மேல் இங்கேயே குடியிருக்கின்றன. அவற்றுள் பெரியவை பர்க்கின்ஜி செல்கள். 1837-ல் இவற்றை விவரித்த செக் அறிஞர் பர்க்கின்ஜி, இளமையில் பியாரிஸ்ட் துறவற சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெறுமுன் விலகியவர். படைத்தவரின் கைவண்ணத்தை நுண்ணோக்கி வழியே காண்பதும் ஓர் அழைத்தல்தானே!

இச்செல்லின் கிளைகள் அடர்ந்த மரம் போன்றவை. ஆயினும் நாம் புத்தகத்துள் வைத்து அழுத்திய இலைபோலத் தட்டையானவை. ஒரு செல்லுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழியே செய்திகள் வந்து சேருகின்றன. இத்தனையையும் கேட்டபின் அது வெளியே சொல்வதோ 'அடக்கு' என்ற ஒன்றே. இதனை 1960-களில் ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோவும் அவர் குழுவினரும் நிறுவினர். தம்ளரை எடுக்கக் கை நீளும்போது உரிய கணத்தில் தடை போட்டால்தான் தண்ணீர் சிந்தாது.

முதல் உலகப் போரில் சிறுமூளையில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்து, 1917-ல் எழுதினார் அயர்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ். காயம் பட்ட பக்கத்துக் கைகால்களே தடுமாறின. அவரிடம் வந்த நோயாளி ஒருவர், தம் இடக்கை தானாகவே இயங்குவதாகவும், வலக்கையின் ஒவ்வோர் அசைவையும் யோசித்தே செய்ய வேண்டியிருப்பதாகவும் கூறினாராம்.

காயமின்றியும் இந்நிலை வரலாம். பரம்பரை அட்டாக்ஸியா வகை ஒன்றுக்குக் காரணமான ஜீன் 1993-ல் கண்டறியப்பட்டது. அந்த ஜீனில் மூன்றெழுத்துக் கோவையொன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் பர்க்கின்ஜி செல்கள் ஆண்டுக் கணக்கில் நலிந்து மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும், நேர்கோட்டில் நடத்தல், ஒற்றைக் காலில் நிற்றல் போன்ற பயிற்சிகளை விடாது செய்வோர் பலருக்கு, எஞ்சிய செல்களைக் கொண்டே நடை ஓரளவு சீர்படுகிறது.