பழைய பொருளும் புதிய கணக்கும்

வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் காவிரி ஆறு. இவற்றினிடையே விரிந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் எந்தக் கிராமத்தில் எந்த வீட்டினுள் நுழைந்தாலும், பரண்மீது சில பொருள்கள் உறங்கிக் கொண்டிருப்பதைக் காணலாம். குழந்தை ஏறி விளையாடிய மூன்று சக்கர வண்டி, பிள்ளைக்குச் சிறிதாகிவிட்ட பள்ளிச் சீருடை, புதியது வந்தபின் மூலையில் ஒதுங்கிய மாவரைக்கும் இயந்திரம், பிடி கழன்ற மருந்துத் தெளிப்பான் முதலியவை அவை. இவையெல்லாம் ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்கியவையே. இன்று இவற்றால் வீட்டிற்குப் பயனில்லை. ஆனால் அடுத்த தெருவிலோ, அடுத்த ஊரிலோ இவற்றை நாடும் குடும்பம் ஒன்று இருக்கக்கூடும்.

முன்னாளில் இத்தகைய பொருள்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன. "பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருபவரிடம் போடுவது ஒன்று. பழைய புடவைக்குப் பாத்திரம் தருபவரிடம் மாற்றிக்கொள்வது மற்றொன்று. இரண்டிலும் விலையை நிர்ணயிப்பவர் வாங்குபவரே. பொருளின் உண்மையான மதிப்பு என்ன என்று வீட்டிலுள்ள பெண்மணிக்குத் தெரிய வழியில்லை. இப்பொழுது கைபேசி அந்த நிலையை மாற்றியிருக்கிறது. பொருளைப் படமெடுத்து, விலையைக் குறிப்பிட்டு, வாட்ஸ்அப் குழுவிலோ, முகநூலிலோ, ஓஎல்எக்ஸ் போன்ற விற்பனைத் தளத்திலோ இட்டால், சில நிமிடங்களில் பலர் விசாரிக்கிறார்கள். 2016ஆம் ஆண்டில் யுபிஐ என்னும் பணப்பரிமாற்ற முறை வந்தபின், பணமும் நேரே வங்கிக் கணக்கிற்கு வந்து சேருகிறது. வீட்டை விட்டு வெளியே வேலைக்குச் செல்ல இயலாத தாய்மார்கள் பலர் இதனை ஒரு சிறு தொழிலாகவே கைக்கொண்டிருக்கின்றனர்.

இம்முயற்சி வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதில் ஆதாயம் அடைவோரும் உண்டு. ஆதாயம் வருவதாக எண்ணிக்கொண்டே கைம்முதலை இழப்போரும் உண்டு. இவ்விருவரையும் பிரித்துக் காட்டுவது ஒரு நோட்டுப் புத்தகமே. அதைப் பற்றியே இங்கு விளக்க விரும்புகிறோம்.

இப்பகுதியின் நிலைமை

நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிகளுக்குப் பேர்பெற்றவை. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. இத்தொழில்களில் உள்ள ஆண்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வெளியூரிலேயே தங்கிவிடுகிறார்கள். மரவள்ளி பயிரிடும் குடியானவருக்கோ பணம் வருவது அறுவடையின்போதுதான். விசைத்தறித் தொழிலாளருக்குக் கூலி வார முடிவில் கிடைக்கிறது. ஆகவே, இச்சமவெளியில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வரவு ஒழுங்காக வருவதில்லை. செலவு மட்டும் தவறாமல் நாள்தோறும் வருகிறது. இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது வீட்டிலிருக்கும் பெண்மணியின் பொறுப்பாகிவிடுகிறது. கடன் வாங்கி நிரப்புவதா, கையிலுள்ளதை விற்று நிரப்புவதா, சேமித்து வைத்ததைக் கொண்டு நிரப்புவதா என்பதை அவளே தீர்மானிக்க வேண்டியவளாகிறாள். குடும்பம் கடனில் மூழ்குவதும் மூழ்காமலிருப்பதும் இத்தீர்மானத்தைப் பொறுத்தது.

விற்ற தொகை லாபம் ஆகாது

ஒரு தாய், தம் வீட்டுப் பொருள்களுடன், அக்கம் பக்கத்தாரிடம் பழைய பொருள்களை வாங்கிப் பழுது பார்த்தும் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் அவர் விற்ற தொகை ரூ.4,800. "இம்மாதம் நாலாயிரத்து எண்ணூறு சம்பாதித்தேன்" என்று அவர் மகிழ்வது இயல்பே. ஆனால் கணக்கு என்ன கூறுகிறது?

பொருள்கள் வாங்கிய விலை ரூ.2,600.
பழுது பார்த்த கூலியும் உதிரிப் பாகமும் ரூ.350.
ஏற்றி இறக்கிய வண்டிச் செலவு ரூ.280.
கட்டுவதற்கான அட்டைப் பெட்டி, கைபேசிக் கட்டணத்தில் இதற்கான பங்கு ரூ.170.
ஆக மொத்தச் செலவு ரூ.3,400.

விற்ற தொகையில் இதைக் கழித்தால் மிஞ்சுவது ரூ.1,400. வாங்கிய பொருள் யாவும் விற்றுவிட்டதாகவே கொள்வோம். இந்த 1,400 முழுவதும் லாபமா? அதுவும் இல்லை. தம் வீட்டுப் பரணிலிருந்த நடைவண்டியையும் தொட்டிலையும் விற்று வந்த ரூ.600 இதில் அடங்கியிருக்கிறது. அது வீட்டின் சொத்து பணமாக மாறியதேயன்றி, தொழிலின் ஆதாயம் ஆகாது. பரண் ஒருமுறைதான் காலியாகும். அடுத்த மாதம் அந்த ரூ.600 வராது. எனவே தொழிலின் உண்மையான லாபம் ரூ.800 மட்டுமே.

இந்த எண்ணூறு சிறு தொகை என்று யாரும் இகழ வேண்டியதில்லை. ஆனால் அதனை 4,800 என்று நம்பிச் செலவு செய்தால், அடுத்த மாதம் பொருள் வாங்கப் பணம் இராது. கடன் வாங்க நேரிடும். தொழில் செய்தும் வீடு ஏன் தேறவில்லை என்னும் கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

நோட்டில் ஆறு கட்டங்கள் போதும்: தேதி, பொருள், வாங்கிய விலை, மேற்செலவு, விற்ற விலை, மிச்சம். தம் வீட்டுப் பொருளாயின் அதன் பக்கத்தில் ‘வீடு’ என்று எழுதிவைக்க வேண்டும். இரண்டு மாதங்களுக்கு மேல் விற்காமல் திண்ணையில் கிடக்கும் பொருளை அசலுக்கேனும், சற்றுக் குறைவாகவேனும் தள்ளிவிடுவது நலம். தேங்கிய பொருள் தேங்கிய பணமாகும். அது வேறொரு பொருளை வாங்கி விற்கும் வாய்ப்பையும் தடுத்துவிடும்.

பணப்பை இரண்டாக இருக்கட்டும்

தொழிற் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பையில் கலக்கலாகாது. இயன்றால் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். இயலாவிடில் தனி டப்பா ஒன்றேனும் வேண்டும். மாத முடிவில் கணக்கிட்டு, லாபத்தை மட்டும் தொழிற் பையிலிருந்து வீட்டுப் பைக்கு மாற்ற வேண்டும்.

வீட்டுப் பையிலும் ஒரு வரிசை உண்டு. அரிசி, மளிகை, பால், பள்ளிச் செலவு ஆகியவை முதலில், கடன் தவணை இரண்டாவது, சேமிப்பு மூன்றாவது, ஏனையவை அதன் பின்னர். 2023 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் மூலம், தகுதியுடைய குடும்பத் தலைவியர்க்கு மாதம் ரூ.1,000 அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே வந்து சேருகிறது. ஒழுங்கற்ற வரவுள்ள வீட்டில், தேதி தவறாமல் வரும் இத்தொகையைப் பாலுக்கோ, பள்ளிச் செலவுக்கோ என்று ஒதுக்கி வைத்தால், அந்த ஒரு செலவிற்காகக் கை நீட்டும் நிலை ஏற்படாது.

கடன் தவணை பற்றியும் ஒரு செய்தி அறிந்திருத்தல் வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரையுள்ள குடும்பங்களுக்கு ஈடின்றி வழங்கப்படும் கடன் சிறுகடன் எனப்படும். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியை மீறலாகாது என்பது விதி. கடன் கொடுப்போர் இதைக் கணக்கிட வேண்டியவர்களே. எனினும், வாங்குவோரும் தம் நோட்டைப் பார்த்துத் தாமே கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

சிறுவாடும் நோட்டும்

நம் தாய்மார்களுக்குச் சிக்கனம் புதிதன்று. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் ஒளித்து வைத்த சிறுவாட்டுப் பணம் எத்தனையோ குடும்பங்களின் மருத்துவச் செலவையும் பள்ளிக் கட்டணத்தையும் தாங்கியிருக்கிறது. ஆனால் அது ஒளித்த பணம். அதற்குக் கணக்கில்லை, வட்டியில்லை. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு ரூ.500, ரூ.1,000 நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபொழுது, பல ஆண்டுகள் காத்த இரகசியத்தைப் பெண்கள் சில வாரங்களுக்குள் வெளியிட வேண்டியதாயிற்று. வங்கியில் இருந்த பணத்திற்கு அந்த இன்னல் நேரவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கணக்கு எழுதுவதும் இப்பகுதிப் பெண்களுக்குப் புதிதன்று. பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்றன. அதற்கடுத்து இத்திட்டம் பரவிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அப்பொழுது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. 1997 ஜனவரி 1ஆம் நாள்தான் அது தனி மாவட்டமாயிற்று. தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, தனிநபர் கணக்குப் புத்தகம் என்று எழுதிப் பழகிய அக்குழுக்களின் நோட்டுகளை நம்பியே வங்கிகள் கடன் வழங்க முன்வந்தன. சொத்துப் பத்திரம் இல்லாத பெண்ணுக்கு ஒழுங்கான கணக்கே பத்திரமாக நின்றது. குழுவுக்கு எழுதிய அதே கையால் தம் வீட்டிற்கும் தொழிலுக்கும் எழுதுவது கடினமான காரியமா?

வீட்டுப் பெண்ணின் உழைப்பிற்கு மதிப்புண்டு என்பதை நீதிமன்றமும் கூறியுள்ளது. கணவர் வெளிநாட்டில் பொருளீட்ட, மனைவி வீட்டையும் மக்களையும் காத்து வந்த ஒரு குடும்பத்தின் வழக்கில், 2023 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவியின் இல்லப் பணியும் சொத்துச் சேர்ப்பதற்கான பங்களிப்பே; ஆதலின் அச்சொத்தில் அவருக்குச் சம உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். லாரியில் வெளியூர் சென்றிருக்கும் கணவர் வீடு திரும்பியதும், மனைவி எழுதிய நோட்டை இருவரும் சேர்ந்து புரட்டிப் பார்ப்பார்களாயின், வீண் சந்தேகமும் சண்டையும் குறையும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடங்கள்

பணம் பெறுவதற்கு இரகசியக் குறியீட்டு எண்ணை அழுத்த வேண்டியதில்லை. கட்டக் குறியீட்டைப் படமெடுக்க வேண்டியதும் இல்லை. "பணம் அனுப்புகிறேன், குறியீட்டை அழுத்துங்கள்" என்று யாரேனும் கூறினால் அவர் மோசக்காரர் என்றே கொள்க. பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடாமல், தம் வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே கொடுக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கிறோமோ, அவ்வளவிற்குப் பணத்தை மீட்கும் வாய்ப்பு மிகும்.

பழைய கைபேசி வாங்குவோர் அதில் *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணைக் குறித்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சோதித்துக்கொள்ளலாம். திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்குவது குற்றமாகும். மோட்டார் சைக்கிள் விற்பவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பெயர் மாற்றாத வண்டியால் விபத்து நேர்ந்தால் தொல்லை பழைய சொந்தக்காரரையும் தேடி வரும். அடிபட்ட தலைக்கவசம், அடைப்பான் பழுதான பிரஷர் குக்கர், காலாவதியான பூச்சிமருந்து ஆகியவற்றை விற்கவே கூடாது. பொருளில் குறை இருப்பின் படத்துடன் குறையையும் எழுதிவிடுவது நாணயம். ஒருமுறை நம்பி வாங்கியவர் மறுமுறையும் வருவார். அறிமுகமற்றவரை வீட்டிற்கு அழைக்காமல், பகற்பொழுதில் கடைவீதியில் துணையுடன் சந்திப்பது நன்று.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

இதற்குப் பெருந்திட்டமோ பெருநிதியோ தேவையில்லை. வாரச் சந்தை கூடும் ஊர்களில், மாதம் ஒருமுறை, பழைய பொருள்களுக்கென்று ஓரிடத்தைச் சுங்கமின்றி ஒதுக்கித் தரலாம். கைபேசி இல்லாத முதியோரும் அங்கே வாங்கவும் விற்கவும் இயலும். பொருளைக் கண்ணால் பார்த்து வாங்குவதால் ஏமாற்றமும் குறையும். குடியானவர்களின் தெளிப்பான், பால் கேன், தார்ப்பாய், கைக்கருவி போன்றவையும் அங்கு வந்து சேரும். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்குமுன் ஒரு நாளைச் சீருடை, புத்தகப்பை, மிதிவண்டி ஆகியவற்றிற்கென வைத்தால், எத்தனையோ பெற்றோருக்குக் கடன் சுமை குறையும். ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பில் நன்கு கணக்கெழுதத் தெரிந்தவர்கள் இருப்பர். அவர்களைக் கொண்டு, வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் தாய்மார்களுக்கு ஒரு பிற்பகல் பயிற்சி அளிக்கலாம். 1930 என்னும் எண்ணைக் கிராம சபைக் கூட்டத்தில் ஒருமுறை படித்துக் காட்டி, அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

இதனைப் படிக்கும் அன்பர்கள் இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தம் வீட்டாரிடம் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முதற்பக்கத்தில் பரணிலுள்ள பொருள்களின் பட்டியல் எழுதப்படட்டும். இரண்டாம் பக்கத்தில் ஆறு கட்டங்கள் வரையப்படட்டும். மூன்று மாதம் விடாமல் எழுதினால், வீட்டுப் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது விளங்கிவிடும். அது விளங்கிய குடும்பம் தேவையற்ற கடனுக்குக் கையெழுத்திடுமுன் ஒருமுறை நின்று யோசிக்கும்.