வயிற்று வாயு: காரணமும் நிவாரணமும்

உப்பிய வயிற்றோடு ஜபத்திற்கோ தியானத்திற்கோ அமர்பவருக்கு மனத்தை உள்முகமாகத் திருப்புவது கடினம். ஏப்பம், வயிற்றுப் பொருமல், இரைச்சல், கீழ்வாயு ஆகியவை பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானவை அல்ல. எனினும் அவை உறக்கத்தைக் கெடுக்கின்றன; உணவின் மீதே அச்சத்தை உண்டாக்குகின்றன. இதற்கான மருந்துகள் பாரத நாட்டின் ஒவ்வொரு சமையலறையிலும் உள்ளன. பெருங்காயம், ஓமம், சீரகம், சுக்கு ஆகியவற்றை அறியாத இல்லம் இல்லை. ஆயினும் காரணத்தை ஆராயாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்குத் தொல்லை திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் நீங்கினாலன்றிக் காரியம் நீங்காது என்னும் தர்க்க விதி வயிற்றுக்கும் பொருந்தும்.

வாயு எங்கிருந்து வருகிறது?

வயிற்றிலுள்ள வாயுவுக்கு முக்கியமான பிறப்பிடங்கள் இரண்டு. முதலாவது, விழுங்கப்படும் காற்று. அவசரமாக உண்பது, உண்ணும்போது ஓயாது பேசுவது, சோடா போன்ற பானங்களை அருந்துவது ஆகியவற்றால் காற்று இரைப்பையை அடைகிறது. அதன் பெரும்பகுதி ஏப்பமாக வெளியேறுகிறது.

இரண்டாவது, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களின் செயல். கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை, பருப்பு முதலியவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் உள்ளன. அவற்றைப் பிரிக்கும் நொதி மனிதனின் சிறுகுடலில் இல்லை. ஆகவே அவை செரிக்காமல் பெருங்குடலைச் சென்றடைகின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்யும்போது ஹைட்ரஜன், கரியமில வாயு ஆகியவையும், சிலரிடம் மீத்தேனும் உண்டாகின்றன. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் வளர்ந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடுவதால், பால் அருந்தியதும் இதே விளைவு ஏற்படுவதுண்டு. மலச்சிக்கல் இருந்தால் வாயு வெளியேறும் வழி தடைப்பட்டு, துன்பம் இரட்டிப்பாகிறது.

ஆரோக்கியமான ஒருவருக்கும் நாளொன்றுக்குப் பத்து முதல் இருபது முறை வாயு பிரிவது இயல்பே. அது நோய் அன்று. வேறு சிலருக்கு வாயுவின் அளவு அதிகமாக இல்லாதபோதும், குடலின் உணர்வு மிகுதியால் வயிறு உப்பியதுபோல் தோன்றுகிறது. கவலையும் பதற்றமும் இவ்வுணர்வைப் பெருக்குகின்றன. இத்தகையோருக்குச் சூரணத்தைவிட மன அமைதியே அதிகம் உதவுகிறது.

முன்னோர் வகுத்த நெறி

செரிமானத்தை ஆயுர்வேதம் ஓர் அக்கினியாகக் கண்டது. கீதையின் பதினைந்தாம் அத்தியாயம் இந்த அக்கினியை வைசுவானரன் என்று அழைத்து, அதனை இறைவனின் வடிவமாகவே கூறுகிறது. உணவுக்கு முன் அந்தச் சுலோகத்தை ஓதும் வழக்கம் பல ஆசிரமங்களில் உண்டு. அதில் உடலுக்கும் ஒரு நன்மை உள்ளது. ஓதி முடிக்கும் அச்சிறு பொழுதில் அவசரம் அடங்குகிறது. அமைதியாக உண்பவர் விழுங்கும் காற்றும் குறைகிறது.

இரைப்பையில் பாதியை உணவாலும், கால் பங்கை நீராலும் நிரப்பி, எஞ்சிய கால் பங்கை வாயுவின் இயக்கத்திற்காக விட்டுவைக்க வேண்டும் என்பது வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' கூறும் அளவு. இயற்கை வேகங்களை அடக்கலாகாது என்பது சரகரின் போதனை. அவர் எண்ணிச் சொல்லும் வேகங்களுள் கீழ்வாயுவும் ஒன்று. கூச்சத்தால் அதை நெடுநேரம் அடக்குபவர்களுக்கு வலியே மிஞ்சுகிறது.

சமையலறை மருந்துகள்

பருப்பும் கடலையும் நாடெங்கும் உண்ணப்படுகின்றன. அவற்றோடு வாயுவைத் தணிக்கும் பொருளும் எங்கும் சேர்க்கப்படுகிறது. தமிழகத்தில் சாம்பாருக்கும் ரசத்திற்கும் பெருங்காயம். வடநாட்டில் பூரி, பராட்டா மாவில் ஓமம். வங்காளத்தின் ஐவகைத் தாளிப்பில் சோம்பும் சீரகமும். கேரளத்தில் தாகத்திற்குச் சீரக நீர். பல மாநிலங்களில் மோரோடு வறுத்த சீரகமும் கறுப்பு உப்பும். ஓமத்தில் உள்ள தைமால் போன்ற நறுமண எண்ணெய்கள் குடலின் தசை இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. அதனால் அடைபட்ட வாயு நகர்ந்து வெளியேற வழி கிடைக்கிறது. இஞ்சி, இரைப்பையிலிருந்து உணவு விரைவில் இறங்க உதவுகிறது.

இவற்றைப் பயன்படுத்தும் முறைகள் எளியவை:

சீரக நீர்: ஒரு தேக்கரண்டி சீரகத்தை இரண்டு குவளை நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, வெதுவெதுப்பாகச் சிறிது சிறிதாக அருந்த வேண்டும்.

ஓமம்: அரைத் தேக்கரண்டி ஓமத்தைச் சிட்டிகை உப்புடன் மென்று வெந்நீர் அருந்தலாம்.

பெருங்காயம்: ஒரு சிட்டிகையை நெய்யில் பொரித்து மோரில் கலந்து, மதிய உணவின் இறுதியில் பருகலாம்.

இஞ்சி: உணவுக்குச் சற்று முன் ஒரு சிறு துண்டை உப்புடன் மெல்லலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அளவைக் குறைக்க வேண்டும்.

அஷ்ட சூரணம்: ஆயுர்வேதம் ஹிங்வஷ்டகம் என்று அழைக்கும் இதில் பெருங்காயம், சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் அல்லது அதன் இனமான அசமோதம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு ஆகிய எட்டும் உள்ளன. நெய் சேர்த்துச் சோற்றின் முதல் கவளத்தோடு இதனை உண்பது மரபு.

காரணத்தை நீக்குதல்

மேற்கூறியவை தற்காலிக நிவாரணம் தருபவை. நிலையான பயன் பழக்க மாற்றத்தால் வருகிறது. கடலை வகைகளை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் நன்கு வேகவைத்தால், வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீங்கிவிடும். முளைகட்டினாலும் அவை குறையும். வாயுவுக்கு அஞ்சிப் பருப்பை அடியோடு விலக்குவது சைவ உணவினருக்கு நன்மை தராது. அவர்களுக்குப் புரதம் தரும் முக்கியமான உணவுகளுள் அதுவும் ஒன்று. சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும்.

பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஐயம் எழுந்தால், இரண்டு வாரம் அதை நிறுத்திப் பார்க்கலாம். அத்தகையோரில் பலருக்குத் தயிரும் மோரும் தொல்லை தருவதில்லை. ஏகாதசி போன்ற விரதங்களை முடிக்கும்போது முதலில் கஞ்சி போன்ற எளிய உணவை அளவாகக் கொள்ள வேண்டும். உண்டபின் பத்து அல்லது பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது மிகவும் பயன் தரும். பவனமுக்தாசனத்தைக் காலையில் வெறும் வயிற்றில் செய்ய வேண்டும். உணவுக்குப் பின் செய்யத்தக்கது வஜ்ராசனம். முழங்கால் நோய் உள்ளவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது.

வாயு என்று எண்ணி ஏமாறலாகாது

கைவைத்தியத்தில் விவேகம் மிகவும் தேவைப்படும் இடம் இதுவே. நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ இறுக்கம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், இடது தோள், கை, தாடை ஆகியவற்றுக்குப் பரவும் வலி ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். நீரிழிவு நோயாளிகள், முதியோர், பெண்கள் ஆகியோருக்குச் சில வேளைகளில் அது வெறும் அஜீரணம்போலவே தோன்றும். "வாயுப் பிடிப்புதான்" என்று ஓமநீரையோ சோடாவையோ குடித்துவிட்டுக் காத்திருந்தால், இதயத் தசையைக் காப்பாற்றக்கூடிய பொன்னான நேரம் வீணாகிவிடும். அந்நிலையில் உடனே மருத்துவமனைக்குச் சென்று ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். பல மாநிலங்களில் 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். பரிசோதனைக்குப் பின் அது வாயுதான் என்று தெரிந்தால் இழப்பு ஒன்றுமில்லை.

எடை குறைதல், மலத்தில் இரத்தம், கறுத்த மலம், தொடர் வாந்தி, காய்ச்சல் ஆகியவை சேர்ந்திருந்தாலும் கைவைத்தியத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். வயிறு வலியுடன் வீங்கி, மலமும் வாயுவும் அறவே பிரியாதிருப்பது அவசர சிகிச்சைக்குரிய நிலை. ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றித் தொடரும் பொருமலையும், பெண்களுக்கு வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்று உப்புசத்தையும் பரிசோதித்து அறிய வேண்டும். சினைப்பைப் புற்றுநோயும் சிலவேளை இவ்வாறு தோன்றுகிறது. கைக்குழந்தைகளுக்குப் பெருங்காயமோ ஓமநீரோ மருத்துவரைக் கேளாமல் புகட்டலாகாது. கர்ப்பிணிகள் இவற்றைச் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சமையல் சோடாவில் சோடியம் மிகுதி; இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

தன்னைத் தானே கவனித்தல்

ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் உணவு மற்றொருவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகையால் ஒவ்வொருவரும் தம் உடலைத் தாமே படித்தறிவது நல்லது. இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் என்ன உண்டோம், எவ்வளவு நேரத்தில் உண்டோம், எத்தகைய மனநிலையில் உண்டோம், பின்னர் என்ன நேர்ந்தது என்று எழுதிவந்தால், காரணம் பெரும்பாலும் தானே வெளிப்படும். சிலருக்கு அது ராஜ்மாவாக இருக்கும். சிலருக்குப் பாலாக இருக்கும். பலருக்கு அவசரமாக இருக்கும். காரணம் தெரிந்தபின் தேவைப்படும் மாற்றம் பெரும்பாலும் சிறியதே. உடல் இவ்வாறு தொல்லையின்றி அமைந்தால், அமர்ந்த இடத்தில் மனமும் அமரும்.