ஓட்டப் பந்தய உடையை நாமே தைத்து உடுத்துதல்

(தையற் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கு ஒரு பாடம்)

திருப்பூர் வட்டாரத்தில் பின்னலாடைத் தொழில் வேரூன்றி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. 1970களின் பிற்பகுதியில் இத்தாலி நாட்டு வணிகர்கள் இங்கு வந்து பனியன் கொள்முதல் செய்யத் தொடங்கிய காலந்தொட்டு, நம்மவர் தைத்த உடைகள் இடையறாது கடல் கடந்து சென்றுகொண்டிருக்கின்றன. ஓடுவோர் அணியும் சட்டைகளும் அரைக்காற்சட்டைகளும் அவற்றுள் அடங்கும். ஆயினும், அவற்றைத் தைக்கும் சகோதரிகளில் எத்தனை பேர் அவற்றை அணிந்து ஒரு கிலோமீட்டராவது ஓடிப் பார்த்திருக்கின்றனர்? அவர்தம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பள்ளி விளையாட்டு விழாவில் அணிவதற்கேற்ற உடை உண்டு? இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்குக் காரணம்.

சில காலத்திற்கு முன் ஒரு மகளிர் தையற் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பேரேடுகளைச் சரிபார்த்து முடித்த பின்னர், அங்கத்தினர் ஒருவர் தயங்கியவாறு ஒரு செய்தி கூறினார். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் 400 மீட்டர் ஓட்டத்தில் தன் பள்ளியில் முதலாவதாக வந்து, அடுத்த நிலைப் போட்டிக்குத் தேர்வு பெற்றிருந்தாள். ஆனால் போக மறுத்துவிட்டாள். சுடிதாரில் ஓடினால் கால் தடுக்குகிறது. கடையில் வாங்கிய காற்சட்டையோ ஆண்பிள்ளைகளின் அளவுக்கு வெட்டப்பட்டது. ஓடும்போது மேலேறி ஒதுங்குகிறது. அதனை உடுத்திப் பலர் முன்னிலையில் ஓட நாணமாயிருக்கிறது என்பதே அவள் சொன்ன காரணம். "ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் யூனிபாரம் தைக்கிறோமுங்க சார், எம் பிள்ளைக்கு ஓடறதுக்கு ஒரு துணி இல்லாமப் போச்சுங்க" என்றார் அத்தாய். எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை.

தமிழக அரசின் விலையில்லாச் சீருடைத் திட்டத்திற்கான துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து தருவதையும், அதனை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருவதையும் இவ்வேட்டின் வாசகர் யாவரும் அறிவர். இத்துணை பெரும் பணியைச் செய்யும் கைகளுக்கு ஓர் ஓட்ட உடை தைப்பது அரிதன்று. முறை அறிந்தாற் போதும்.

உடுத்தியவரே திருத்தினர்

ஓட்ட உடைகளின் வரலாற்றில் ஓர் உண்மை மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. உடையைத் திருத்தியவர் பெரும்பாலும் அதனை உடுத்தி ஓடியவரே ஆவர்.

ராச்டேல் முன்னோடிகள் 1844 ஆம் ஆண்டில் தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்த லங்காஷயர் பகுதியை நாம் நன்கறிவோம். அதே பகுதியின் அக்கிரிங்டன் நகரில் 1938 இல் பிறந்தவர் ரான் ஹில். துணி வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்ற இவர் சிறந்த மாரத்தான் வீரருமாவார். 1970 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 10 நிமிடம் 30 வினாடியில் ஓடி வென்றார். அவ்வாண்டு ஜூலையில் எடின்பரோவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 2 மணி 9 நிமிடம் 28 வினாடியில் தங்கம் பெற்றார். எடின்பரோவில் அவர் அணிந்திருந்தது காற்றுப் புகும் வலைப்பின்னற் சட்டை. அவ்வாண்டிலேயே ஓட்ட உடை செய்யும் தொழிலையும் அவர் தொடங்கினார். துணியை ஆராயும் கண்ணும், வியர்வையில் நனையும் உடலும் ஒருவரிடமே அமைந்தமையால் அவருக்குக் குறையும் தெரிந்தது, தீர்வும் தெரிந்தது.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 1977 இல் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்னும் மூன்று பெண்மணிகள், ஓடும் பெண்டிர்க்கேற்ற மார்புக் கச்சை கடைகளில் இல்லாமை கண்டு, ஆடவர் விளையாட்டின்போது அணியும் இடைக்கச்சைகள் இரண்டனைப் பிரித்து ஒன்றாகத் தைத்தனர். இன்று உலகெங்கும் விற்கும் விளையாட்டுக் கச்சைக்கு அதுவே முதல் மாதிரி. பெரிய ஆலை எதுவும் அதனை முதலிற் செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

உடை எவ்வடிவில் இருத்தல் வேண்டும் என்பதை ஓடுபவரே முடிவு செய்யலாம். 2023 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தானில், ஒடிசாவைச் சேர்ந்த மதுஸ்மிதா ஜெனா என்னும் பெண்மணி சம்பல்புரிக் கைத்தறிச் சேலையுடுத்தி 42 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவை ஐந்து மணி நேரத்திற்குள் ஓடி முடித்தார். ஆகவே, முழங்கால் மறையும் காற்சட்டைதான் வேண்டுமென்று ஒரு சிறுமி கேட்டால், அவ்வாறே தைத்துத் தருதல் நம் கடமை.

இனிப் பாடத்திற்கு வருவோம்.

1. துணி தெரிதல்

பருத்தி ஈரத்தை விரும்பும் இழை. உலர்ந்த பருத்தி 100 கிராம், காற்றிலிருந்து மட்டுமே ஏறத்தாழ 8.5 கிராம் ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டரோ அரைக் கிராமுக்கும் குறைவாகவே ஏற்கும். ஆதலின் நெடுந்தொலைவு ஓடும்போது பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக் கனத்து, உடலோடு ஒட்டி உராய்கிறது. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவோர் பாலியஸ்டர் பின்னற்றுணியையோ கலப்புத் துணியையோ கொள்வது நலம்.

இதனைக் கேட்டுப் பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர் வருந்த வேண்டா. பள்ளிப் போட்டிகளில் 100 மீட்டர் முதல் 1500 மீட்டர் வரையிலான ஓட்டங்கள் சில வினாடிகளில் அல்லது சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. அவற்றிற்கு மெல்லிய பருத்தித் துணியே போதும். நீண்ட இழைப் பருத்தியிலிருந்து நூற்ற நயமான நூல், துணியின் எடையைக் குறைக்கிறது. அத்தகைய நீண்ட இழைக்குப் பெயர்பெற்ற 'சுவின்' பருத்தி, 1974 இல் நம் கோயம்புத்தூரிலிருந்தே வெளியிடப்பட்டதென்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

சதுர மீட்டருக்கு 140 கிராம் எடையுள்ள துணி சட்டைக்கு ஏற்றது. வெட்டுச் சேதம் உட்பட ஒரு சதுர மீட்டர் தேவையெனக் கொண்டால் 140 கிராம் துணியில் ஒரு சட்டை முடியும். காதர்பேட்டைக் கடைகளில் எடைக்கு விற்கும் மீதத் துணியிலேயே இதனைப் பெறலாம். வாங்குமுன் பத்துச் சென்டிமீட்டர் துணியைப் பதினைந்து வரை இழுத்து விடுக; அது மீண்டும் பத்துக்கே திரும்புமாயின் கொள்க. மேலும், துணியின் ஒரு மூலையை நனைத்துக் கைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். நனைந்தாலும் உடல் தெரியாத துணியாய் இருத்தல் வேண்டுமென்பது உலகத் தடகளப் போட்டிகளின் விதி. மெல்லிய வெள்ளைப் பனியன் துணி இச்சோதனையில் பெரும்பாலும் தேறுவதில்லை.

2. அளவும் வெட்டும்

பருத்திப் பின்னற்றுணியை வெட்டுமுன் ஒருமுறை துவைத்து நிழலில் உலர்த்துக. சுருங்குவது முன்னரே சுருங்கட்டும். பின்னற்றுணி நீளவாட்டினும் அகலவாட்டிலேயே மிகுதியாக இழுபடும். அந்த அகலவாட்டு உடலைச் சுற்றி வருமாறு துணியை விரிக்க வேண்டும். மார்பளவுடன் ஆறு முதல் எட்டுச் சென்டிமீட்டர் கூட்டினால் சட்டை இறுக்கமுமின்றித் தொளதொளப்புமின்றி அமையும். பந்தய எண் அட்டையை ஊக்கு குத்தி அணிய வேண்டியிருத்தலின், மார்புப் பகுதியில் தையலோ பையோ வேண்டா.

காற்சட்டையின் இரகசியம் கவட்டில் உள்ளது. நான்கு தையல்கள் ஓரிடத்திற் கூடினால் அவ்விடமே தோலை அறுக்கும். அங்கே சாய்சதுர வடிவில் ஒரு கவட்டுத் துண்டு வைத்துத் தைத்தால், தையல்கள் உராயும் இடத்தைவிட்டு விலகும். காலும் தாராளமாக எட்டி வைக்கும். காற்சட்டை மேலேறுவதும் குறையும். இடுப்புக்கு எலாஸ்டிக்குடன் ஒரு நாடாவும் கோத்தல் வேண்டும். எலாஸ்டிக் மட்டும் வியர்வையில் வழுக்கும்.

3. தையல்

இங்கு என் சொந்தத் தவறொன்றைக் கூறுதல் பொருந்தும். கோவையில் 2013 முதல் நடந்துவரும் மாரத்தான் ஓட்டத்தில் 21 கிலோமீட்டர் பிரிவில் ஓட ஓராண்டு பெயர் கொடுத்திருந்தேன். ஓரளவு தையலறிந்தவன் என்னும் துணிவில், வீட்டிலிருந்த சாதாரணத் தையற்பொறியிலேயே காற்சட்டையைத் தைத்துக்கொண்டேன். பதினான்காம் கிலோமீட்டரில் உள்தொடைத் தையல் முழுவதும் விட்டுப்போயிற்று. எஞ்சிய ஏழு கிலோமீட்டரையும் மேற்சட்டையை இடுப்பிற் கட்டிக்கொண்டு கடந்தேன். துணி கிழியவில்லை, நூலே அறுந்திருந்தது. துணி இழுபடும்போது தையலும் உடன் இழுபட வேண்டும். நேர்த்தையல் அவ்வாறு இழுபடாது என்பதை அன்று கற்றேன்.

ஆகவே, பக்கங்களை ஓவர்லாக் பொறியில் இணைத்து, உடலோடு உராயும் இடங்களைப் பேட்லாக் பொறியில் தட்டையாகத் தைக்க வேண்டும். பின்னற்றுணிக்குரிய, முனை உருண்ட ஊசியையே இடுக. கூர்முனை ஊசி இழையை அறுத்து ஓட்டை விழச் செய்யும். தோள், அக்குள், உள்தொடை ஆகிய மூன்றிடங்களிலும் நூல் முடிச்சோ பிசிறோ உட்புறம் நிற்றலாகாது. அளவைக் குறிக்கும் லேபிளைப் பின்கழுத்தில் தைக்காமல் துணிமேல் அச்சிடுக.

4. ஓடிப் பார்த்தல்

தைத்து முடித்தவுடன் பாடம் முடிந்ததென எண்ணலாகாது. புதிய உடையைப் பந்தய நாளன்று முதன்முறையாக உடுத்துவது பெருந்தவறு. முதலில் நனைத்து உடுத்தி இரண்டு கிலோமீட்டர் ஓடுக. எங்கே சிவந்திருக்கிறது, எங்கே இழுக்கிறது என்று குறித்துக்கொண்டு அவ்விடத்தைத் திருத்துக. ஐந்து முறை துவைத்த பின்னர் மீண்டும் ஓடிப் பார்க்க. அளவுத் தாளில் எழுதப்படாத பல செய்திகளை அந்தச் சிவந்த தோல் சொல்லிவிடும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

இதற்கெனக் கடன் பெறுதல் வேண்டா. புதிய பொறிகளும் வேண்டா. ஓவர்லாக், பேட்லாக் பொறிகள் இல்லாத சங்கம், அவை உள்ள பக்கத்துச் சங்கத்தின் உதவியை நாடலாம். முதலில் ஆறு உடைகள் மட்டும், அவையும் விற்பதற்கன்றி அங்கத்தினரும் அவர்தம் பிள்ளைகளும் உடுத்துவதற்கே தைக்கப்படட்டும். வெட்டுக் காகிதங்களை வயது வாரியாகச் சங்க அலுவலகத்திற் பாதுகாத்து, உடுத்தியவர் கூறும் குறைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. ஓராண்டுக் குறிப்புகள் சேர்ந்தபின் உள்ளூர்ப் பள்ளிகளை அணுகுங்கள். கொள்வோர் தரும் மாதிரியைப் பார்த்துத் தைத்துக் கூலி பெறுவது ஒரு நிலை; தாமே உடுத்திக் கண்ட மாதிரியைக் காட்டி விலை சொல்வது வேறொரு நிலை. கூட்டுறவு நம்மை இரண்டாம் நிலைக்கு உயர்த்த வேண்டும்.

முற்கூறிய தாய், சங்கத்துக் கட்டிங் மாஸ்டரின் துணையுடன் தம் மகளுக்கு அடர்நீல நிறத்தில் ஒரு சட்டையும் முழங்காலளவு காற்சட்டையும் தைத்தார். இடப்பக்க அக்குளில் உராய்கிறதென்று மகள் இருமுறை திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது மாதிரியே தேறியது. மறுத்த போட்டிக்குரிய நாள் அதற்குள் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு அதே 400 மீட்டரில் ஓடி நான்காவதாக வந்தாள். பரிசு கிட்டவில்லை. ஆனால் அன்று மாலையே உடன் ஓடிய சிறுமியர் மூவரின் தாய்மார் அந்த வெட்டுக் காகிதத்தைக் கேட்டுச் சங்கத்திற்கு வந்தனர் எனக் காரியதரிசி தெரிவித்தார்.

உடையின்மையால் ஒரு பிள்ளையும் ஓட்டக்களத்தை விட்டு விலகலாகாது. அதுவும் உலகிற்கு உடை தைக்கும் ஊரில் விலகவே கூடாது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இப்பொருளை வைத்து ஆலோசித்து, முதல் ஆறு உடைகளுக்கான துணியை வெட்டத் தொடங்குமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறேன்.