சாரல் மாசத்து யூனிஃபார்ம்: தங்கச்சிக்கு அக்கா சொல்லுத டிப்ஸ்

ஏட்டி, நம்ம கடையத்துல ஜூன் பிறந்தா பள்ளிக்கூடம் தொறக்குத நேரத்துலதான் சாரலும் ஆரம்பிக்கும். கொடியில போட்ட துணி மறுநாளும் ஈரமாத்தான் கிடக்கும். ஆனா காலையில பிரேயருக்குப் பிள்ள தேய்ச்ச சட்டையோட நிக்கணும். துணி எடுத்துத் தைக்கிற பள்ளிக்கூடம்னா டெரிகாட்டன் எடு. சுத்தப் பருத்தி உடம்புக்கு நல்லதுதான், சாரல்ல காயாது. சாயங்காலம் வந்ததும் அலசி, காய்ஞ்ச துண்டுக்குள்ள சுருட்டி நல்லா அமுக்கு. பாதி ஈரம் துண்டுக்குப் போயிரும். பொறவு ஹேங்கர்ல மாட்டி ஃபேனுக்குக் கீழ போடு. நனைஞ்ச ஷூவுக்குள்ள பழைய பேப்பரைக் கசக்கித் திணி. அடுப்புப் பக்கம் வைக்காத, ஒட்டு விட்டுரும்.

டெய்லர்கிட்ட மே மாசம் பிறந்ததுமே கொடுத்துரு. கடைசி வாரம் போனா அவரு முகத்தையே பாக்க முடியாது. பேன்ட் கீழ்மடிப்புல நாலு விரல் துணி உள்ள விடச் சொல்லு, அடுத்த வருசம் பிரிச்சு விடலாம். பழைய மடிப்புக் கோடு தெரிஞ்சா வினிகர் தொட்டுத் தேய்ச்சுப் பாரு, மங்கிரும்.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளின்னா பாதிக் கவலை இல்ல. சத்துணவுல பேர் இருக்குத பிள்ளைகளுக்கு எட்டாவது வரைக்கும் சீருடை இலவசம். 1985-ல தொடங்குன திட்டம், 2012-13-லருந்து வருசத்துக்கு நாலு செட்டு. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துல தைக்குதாங்க. தொளதொளன்னு வந்தா நீயே பக்கம் பிடிச்சுக்கோ. ஒன்பதாவது போனா கைக்காசுதான், அதை நிறையப் பேரு கடைசி நேரத்துலதான் நினைக்காங்க. பீடி சுத்துத வீடுன்னா மத்திய அரசு உதவித்தொகை இருக்கு. தேசிய உதவித்தொகை இணையதளத்துல எழுதிப் போடணும், பீடித் தொழிலாளர் அட்டையைத் தயாரா வை.

தனியார்லதான் காசு கரையும். சாதா செட்டு, புதன்கிழமை வெள்ளை செட்டு, ஹவுஸ் டி-ஷர்ட், கோடு போட்ட சாக்ஸ், டை, பெல்ட்டு. அட்மிஷன் ஃபீஸ் கட்டுததுக்கு முன்னாலயே கேளு: எத்தனை வகை, எந்தக் கடை, எத்தனை வருசத்துக்கு ஒரு தடவ மாத்துவீங்கன்னு. மூணாவது கேள்விதான் முக்கியம். டிசைனை மாத்திட்டா மூத்தவன் சட்டை இளையவனுக்கு ஆகாது. குறிப்பிட்ட கடையிலதான் வாங்கணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சிபிஎஸ்இ 2017-லயே தன்கீழ இருக்குத பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்குத 25 சதவீத இடத்துல சேர்ந்த பிள்ளைக்குச் சீருடைச் செலவை அரசுதான் ஏத்துக்கிடணும்னு சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல சொல்லிச்சு. கேக்கதுக்கு வெக்கப்படாத.

கண்டிப்பு எவ்வளவு வேணா இருக்கட்டும், அது உனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல இருக்கணும். கேட்டுல நிக்கிறது பிள்ளையா இருக்கக் கூடாது. செட்டு வரலைன்னா அவன் வாயால சொல்ல விடாத. டைரியில எழுதிக் கையெழுத்துப் போடு: "துணி தையலில் உள்ளது, திங்கட்கிழமை அணிந்து வருவான்." அதுக்கப்புறமும் வெளிய நிப்பாட்டி அவமானப்படுத்துனா நேரா ஹெச்.எம்.கிட்ட போ. பிள்ளைய அடிக்கவும் மனசு நோகடிக்கவும் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே, பதினேழாவது பிரிவுல இருக்கு. சண்டை போடாத, சட்டத்தை மட்டும் சொல்லு.

பொம்பளைப் பிள்ளைக்கு வெள்ளை செட்டு நாள்ல மாதவிடாய் வந்தா என்ன செய்யணும்னு கிளாஸ் டீச்சர்கிட்ட முன்கூட்டியே பேசி வை. அன்னைக்குச் சாதா செட்டு போட விடச் சொல்லு. டீச்சரும் பொம்பளைன்னா பெரும்பாலும் சரின்னுருவாங்க. பையில நாப்கினோட இன்னொரு உள்பாவாடையும் இருக்கட்டும்.

ஒரு விசயத்துல மட்டும் நான் பள்ளிக்கூடம் பக்கம். கையில கலர் கயிறு. நம்ம பக்கம் அந்தக் கலரைப் பாத்தே சாதி சொல்லிருவாங்க. அதைத் தடுக்க 2019-ல கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்புனாரு, அமைச்சரு அதை நடக்க விடல. 2023-ல நாங்குநேரியில பள்ளிக்கூடத்துப் பையனை வீடு புகுந்து வெட்டுனதுக்குப் பொறவு போட்ட நீதியரசர் சந்துரு குழுவும், 2024-ல கயிறு, மோதிரம் எல்லாம் வேண்டாம்னுதான் எழுதிக் கொடுத்துச்சு. கோயில் கயிறுன்னு பையன் சொன்னாலும் எந்தக் கோயில், யாரு கட்டிவிட்டான்னு கேளு. பதில் தடுமாறுனா அன்னைக்கே அவிழ்த்துரு.

டையும் பெல்ட்டும் வாங்கிராத. எங்க வீட்டுல பெரியவன் போட்டது கிடக்கு. ஞாயித்துக்கிழமை வந்தா எடுத்துட்டுப் போ.