கார் கடனை முன்கூட்டியே அடைக்கலாமா? – ஒரு கணக்குப் பாடம்

கடன் என்று ஒன்று இருந்தால் அதை எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் நம் பெரியவர்கள் சொல்லி வளர்த்தார்கள். அந்தப் புத்திமதியில் தவறு ஏதும் இல்லை. ஆனால் இன்றைய கார் கடனில் ‘எப்போது அடைக்கிறோம்’, ‘எந்தப் பணத்தைக் கொண்டு அடைக்கிறோம்’ என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்துகொள்கின்றன. இவ்விரண்டுக்கும் காகிதத்தில் விடை எழுதிப் பார்க்காமல் பணத்தைக் கட்டினால், நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு நஷ்டப்படவும் கூடும். நான் ரயில்வேயில் இன்ஜினீயராக இருந்தவன்; பொருளாதாரம் படித்தவன் அல்லன். ஆனால் இதற்குத் தேவையான கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

நம் சாலைக் கடைத்தெருவில், கிழக்கேகோட்டை முதல் கிள்ளிப்பாலம் வரை, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வியாபாரம் செய்து வருகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் இச்சந்தையை அமைத்த காலந்தொட்டு, கடனும் வரவும் இத்தெருவின் அன்றாடப் பேச்சு. அங்கே ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதும் தம்பி ஒருவர், சில மாதங்களுக்கு முன் தம் கடன் பத்திரங்களோடு என்னிடம் வந்தார். தகப்பனாரை மாதம் இருமுறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்ததால் கார் வாங்கியவர் அவர். கடன் ரூ.5 லட்சம், வட்டி 10 சதவீதம், 60 மாதத் தவணை. பன்னிரண்டு தவணை கட்டி முடித்திருந்தார். சீட்டு முதிர்ந்து ரூ.50,000 கைக்கு வந்திருந்தது.

“சார், முழுசையும் காருக்கே கட்டிடலாமா?” என்று கேட்டார்.

“கட்டலாம் தம்பி. முதல்ல கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்” என்றேன். அன்று நாங்கள் போட்ட கணக்கே இந்தக் கட்டுரை.

தவணைக்குள் என்ன இருக்கிறது?

மாதத் தவணை ரூ.10,624. மாதாமாதம் ஒரே தொகைதான் கட்டுகிறோம். ஆனால் அதற்குள் அசலும் வட்டியும் கலந்திருக்கும் விகிதம் மாறிக்கொண்டே வரும். முதல் மாதம் நிலுவை ரூ.5,00,000. அதற்கு ஒரு மாத வட்டி, 5,00,000 × 10 ÷ 1200 = ரூ.4,167. ஆகவே கட்டிய ரூ.10,624-ல் அசலில் கழிவது ரூ.6,457 மட்டுமே. அடுத்த மாதம் நிலுவை சற்றுக் குறைகிறது. வட்டியும் சற்றுக் குறைகிறது. அசலில் கழிவது சற்றுக் கூடுகிறது.

முதல் ஆண்டில் அந்தத் தம்பி கட்டியது சுமார் ரூ.1,27,500. அதில் வட்டி மட்டும் சுமார் ரூ.46,350. கடைசி ஆண்டிலும் அதே ரூ.1,27,500-தான் கட்டுவார், ஆனால் அதில் வட்டி சுமார் ரூ.6,650 மட்டுமே. ஐந்தாண்டில் மொத்த வட்டி ரூ.1,37,400. இதில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஆண்டிலேயே போய்விடுகிறது.

செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் ரயிலுக்குப் பின்னாலும் ஒரு இன்ஜினைச் சேர்த்துத் தள்ளுவார்கள். அந்த உதவி ஏற்றத்தில்தான் தேவை. சமதளம் வந்தபின் தள்ளுவதால் பெரிய பயன் இல்லை. கடனிலும் ஏற்றம் என்பது முதல் இரண்டு ஆண்டுகள்தான்.

எப்போது கட்டுவது?

ரூ.50,000-ஐ 12-ஆம் தவணை முடிந்தவுடன் அசலில் கட்டினால், மீதமுள்ள 48 தவணை 42 ஆகக் குறையும். மிச்சமாகும் வட்டி சுமார் ரூ.22,600. அதே ரூ.50,000-ஐ நான்கு ஆண்டு கழித்து, 48-ஆம் தவணைக்குப் பின் கட்டினால், மிச்சமாகும் வட்டி சுமார் ரூ.4,300 மட்டுமே. பணம் ஒன்றுதான், காலம்தான் வேறு.

மொத்தமாகப் பணம் வராதவர்களுக்கும் வழி உண்டு. முதல் மாதத்திலிருந்தே தவணையோடு ரூ.1,000 கூடுதலாக அசலில் சேர்த்து வந்தால் இக்கடன் ஆறு மாதம் முன்னதாக முடியும். வட்டியில் சுமார் ரூ.15,600 மிச்சம். ரூ.2,000 சேர்த்தால் பதினொரு மாதம் முன்னதாக முடியும்; மிச்சம் சுமார் ரூ.28,000. சில நிறுவனங்கள் மாதாமாதம் சிறு தொகையை ஏற்பதில்லை. ஆண்டுக்கு இத்தனை முறைதான், இவ்வளவு தொகைதான் என்று வரம்பு வைத்திருக்கும். அங்கே அத்தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை கட்டலாம்.

அபராதக் கட்டணத்தைக் கவனியுங்கள்

முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா இல்லையா என்பது வட்டியின் வகையைப் பொறுத்தது. தனிநபர் மாறும் வட்டியில் வாங்கிய கடனுக்கு, வங்கிகள் இக்கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 மே மாதத்திலேயே உத்தரவிட்டது. 2025 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், வியாபாரம் அல்லாத தேவைக்காகத் தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்கு இக்கட்டணம் கிடையாது. ஆனால் கார் கடன்களில் பெரும்பாலானவை நிலையான வட்டிக் கடன்கள். அவற்றுக்கு ஒப்பந்தத்தில் எழுதியுள்ளபடி கட்டணம் வாங்கலாம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு.

அந்தத் தம்பியின் ஒப்பந்தத்தில் 5 சதவீதம் என்று இருந்தது. ‘நாலு வருஷம் ஓடிவிட்டது, மீதியை ஒரேயடியாக அடைத்துவிடலாம்’ என்று அவர் 48-ஆம் மாதத்தில் நினைத்தால் என்ன ஆகும்? அப்போது நிலுவை சுமார் ரூ.1,20,840. கட்டணம் ரூ.6,042, வரி ரூ.1,088, ஆக ரூ.7,130. ஆனால் கடைசி ஓராண்டில் அவர் கட்ட வேண்டிய வட்டியே ரூ.6,650-தான்! கடனை முன்னதாக அடைத்ததற்குப் பரிசாக ஏறக்குறைய ரூ.480 நஷ்டம். எனவே கட்டணம் உள்ள கடனைக் கடைசி ஆண்டில் முடிக்கும் முன், மிச்சமாகும் வட்டியையும் கட்டணத்தையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். எது பெரியதோ அதுவே விடை சொல்லும்.

எந்தப் பணத்தைக் கட்டுவது?

இனிதான் முக்கியமான பகுதி. அந்தத் தம்பியிடம், “வேறு கடன் உண்டா?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கியபின் சொன்னார்: ஜூனில் பள்ளிக்கூடச் செலவுக்கு ஒருமுறை, ஊரில் அம்மன் கொடைக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கு மூன்று தடவை தண்டல் வாங்குவாராம். ரூ.10,000 என்று பெயர். கையில் கிடைப்பது ரூ.8,500. தினம் ரூ.100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

“ஆயிரத்து ஐந்நூறுதானே சார்” என்றார். ஆனால் தினமும் கட்டிக் குறைத்துக்கொண்டே வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக அவர் கையில் இருக்கும் கடன் ரூ.4,500 அளவுதான். அதற்கு ரூ.1,500 வட்டி என்றால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம்! கார் கடனோ 10 சதவீதம். காலில் முள் தைத்திருக்கத் தலைவலிக்கு மருந்து தேடுவதுபோல ஆகிவிட்டது.

தண்டலை இடையில் முடிப்பதால் லாபம் இல்லை. வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். செய்ய வேண்டியது, அடுத்த தடவை வாங்காமல் இருப்பதே. அதற்குக் கையில் இருப்பு வேண்டும். ஆகவே ரூ.50,000-ல் ரூ.20,000-ஐத் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொன்னேன். மூன்று செலவுகளுக்கும் அதிலிருந்து எடுத்து, தண்டல்காரருக்குக் கொடுத்த அதே ரூ.100-ஐத் தினமும் அந்தக் கணக்கிலேயே திருப்பிப் போட வேண்டும் என்பது நிபந்தனை. இதனால் ஆண்டுக்கு ரூ.4,500 வீதம், மீதி நான்கு ஆண்டில் ரூ.18,000 மிச்சம். அந்த ரூ.20,000-ஐயும் சேர்த்துக் காருக்குக் கட்டியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும் வட்டி மிச்சம் ரூ.8,600-க்குள்தான்.

மீதி ரூ.30,000 கார் கடனுக்குப் போயிற்று. நான்கு தவணை குறைந்தது; வட்டியில் ரூ.14,000 மிச்சம். கட்டணமும் வரியும் ரூ.1,770 போனாலும் ரூ.12,000-க்கு மேல் லாபம். அதைவிடப் பெரிய லாபம், தகப்பனாருக்குத் திடீரென்று வைத்தியச் செலவு வந்தால் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம் என்பது. கையிருப்பு முழுவதையும் கடனில் போட்டுவிட்டு, அடுத்த மாதத் தவணை தவறினால், அபராதமும் வரும். கடன் மதிப்பெண்ணும் கெடும்.

சீட்டு கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. காருக்குக் கட்டுவதற்காகவே பெருந்தொகையைத் தள்ளுபடி கொடுத்துச் சீட்டை ஏலத்தில் எடுக்காதீர்கள். தள்ளிய தொகையையும் வட்டி மிச்சத்தையும் ஒப்பிட்டபின் முடிவு செய்யுங்கள்.

புதிதாகக் கடன் வாங்குவோர் கவனத்திற்கு

‘6 சதவீதம்தான்’ என்று யாராவது சொன்னால், ‘ப்ளாட் ரேட்டா, குறையும் நிலுவைக்கா?’ என்று கேளுங்கள். ப்ளாட் ரேட்டில் ஐந்தாண்டும் முழு ரூ.5 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள்: ரூ.1,50,000. குறையும் நிலுவையில் 10 சதவீதத்துக்கு ரூ.1,37,400-தான். அதாவது 6 என்பது இங்கே 10-ஐ விடப் பெரியது! 2024 அக்டோபர் முதல், கடன் கொடுக்கும் முன் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்க வேண்டும் என்பது விதி. எல்லாச் செலவும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும். அதைப் படித்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

பணம் கட்டும்போதும் கட்டிய பின்பும்

1. கூடுதல் தொகையைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்தால் மட்டும் அசல் குறையாது. ‘இதை அசலில் கழிக்கவும், தவணைத் தொகை மாற வேண்டாம், தவணைக் காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுத்தில் கொடுங்கள். தவணைத் தொகையைக் குறைத்தால் மிச்சமாகும் வட்டி குறைந்துவிடும்.

2. கட்டிய பின் புதிய தவணை அட்டவணை வாங்கி, நிலுவையைச் சரிபாருங்கள்.

3. கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்குங்கள். அதைக் கொண்டு மோட்டார் வாகனத் துறையில் ஆர்.சி.யில் உள்ள அடமானப் பதிவை நீக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் கடன் கொடுத்தவர் பெயரை நீக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் காரை விற்கும்போது சிக்கல்.

4. முழுக் கடனும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும்; அவர்களால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000 நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி.

வாசகர்கள் தங்கள் கடன் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டுகிறேன்: இன்றைய நிலுவை, இனிக் கட்ட வேண்டிய மொத்த வட்டி, முன்கூட்டிக் கட்டினால் வரும் கட்டணம், ஆபத்துக்குக் கையில் இருக்கும் ரொக்கம். அப்படியே வீட்டில் இருக்கும் மற்றக் கடன்களின் உண்மையான வட்டியையும் பக்கத்தில் எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் இன்னும் நல்லது. வட்டி அதிகமான கடன் முதலில், கையிருப்பு அதற்குத் துணை, கார் கடன் அதன் பின். இந்த வரிசை மாறாமல் இருந்தால் சிறு வருமானக் குடும்பமும் கடனைத் தவணைக்கு முன்பே முடித்து நிம்மதியாக இருக்கலாம்.