பெயர் வெட்டிய பாத்திரம்

நுழையும்முன்

பொத்தானை அழுத்தினால் திரை மறுமொழி தருகிறது. ஒரே தோற்றமுடைய பல பொத்தான்கள் இருக்கும்போது, அழுத்தப்பட்டது எது என்பதைத் திரைக்குப் பின்னுள்ள செயற்கூறு எவ்வாறு அறிகிறது? கும்பகோணத்துக் குளம் ஒன்றையும் பாத்திரக்கடை வழக்கம் ஒன்றையும் துணைக்கொண்டு இப்பாடம் அதனை ஆராய்கிறது.

கும்பகோணம் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். சீர்வரிசைக்குப் பாத்திரம் வாங்குவோர் விலை கொடுத்தவுடன் கடையைவிட்டுப் புறப்படுவதில்லை. பெயர் வெட்டும்வரை காத்திருப்பர். கூரிய முனை உலோகத்தில் பதிந்து, பெயரையும் நாளையும் புள்ளி புள்ளியாகப் பொறிக்கும். அதன்பின் அக்குடம் எந்த வீட்டு விசேடத்திற்கு இரவல் போனாலும், பந்தி முடிந்து பத்துப் பாத்திரங்களோடு கலந்து கிடந்தாலும், உரிய வீட்டிற்குத் திரும்பிவிடும். அதைத் தூக்கிவருபவர் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. செய்தி பாத்திரத்தோடேயே பயணம் செய்கிறது.

ஊடாடும் வரைகலை நிரலாக்கத்திலும் இத்தகைய பயணம் உண்டு. வழக்கமான நிரலில் செயற்கூற்றை எப்போது அழைப்பது என்பதை நிரலரே முடிவு செய்கிறார். வரைகலைத் திரையில் அம்முடிவு பயனரின் விரலுக்குச் சென்றுவிடுகிறது. நிரலர் ஒரு செயற்கூற்றை எழுதி, “இப்பொத்தான் அழுத்தப்படும்போது இதனை அழைத்துக்கொள்க” என்று வரைகலை அமைப்பிடம் ஒப்படைக்கிறார். பின்னர் அமைப்பே அழைப்பதற்காக ஒப்படைக்கப்படும் இதனை மீளழைப்புச் செயற்கூறு என்பர். கணினித் துறையில் ‘கால்பேக்’ என்பதே பெருவழக்கு. ஒப்படைப்பதற்கும் அழைப்பதற்கும் இடையே ஒரு நொடியும் கழியலாம்; ஒரு நாளும் கழியலாம். எந்தச் செயற்கூற்றை அழைப்பது என்பதை மட்டுமே அமைப்பு அறியும். நிரலர் மனத்தில் இருந்த வேறு எதையும் அது அறியாது.

மகாமகக் குளத்தின் வரைபடத்தைத் திரையில் அமைப்பதாகக் கொள்வோம். குளக்கரையைச் சூழ 16 மண்டபங்கள் உள்ளன; அவை நாயக்கர் கால அமைச்சர் கோவிந்த தீட்சிதரால் எழுப்பப்பட்டவை எனக் கருதப்படுகின்றன. ஒவ்வொரு மண்டபத்திற்கும் ஒரு பொத்தான் வேண்டும். அதனைத் தொட்டால் அவ்விடத்துக் கூட்ட நிலை தெரிய வேண்டும். இதற்கென 16 செயற்கூறுகளை எழுதலாம். ஆனால் ஒன்றில் பிழை கண்டால் பதினாறிலும் திருத்த வேண்டிவரும். ‘நிலை காட்டு’ என்னும் ஒரே செயற்கூற்றை எழுதி, மண்டப எண்ணை அதற்கு அளபுருவாக அளிப்பதே முறை. அந்த எண்ணை எப்படி அனுப்புவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பைத்தான் மொழியின் டிகேஇன்டர் நூலகத்தில், பொத்தானுக்கெனத் தரப்படும் கட்டளைச் செயற்கூறு எந்த அளபுருவுமின்றியே அழைக்கப்படும். இதை அறிந்தும் தொடக்கநிலை நிரலர் செயற்கூற்றின் பெயரையடுத்து அடைப்புக்குறிக்குள் எண்ணை இட்டுவிடுவார். அப்போது, பொத்தான் உருவாகும் கணத்திலேயே செயற்கூறு இயங்கி முடிந்துவிடும். அது திருப்பியனுப்பிய மதிப்பே பொத்தானுக்குச் சேரும். பின்னர் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. விருந்துக்கு வரச்சொல்லி அழைப்பிதழ் அனுப்புவதற்கு மாறாக, அன்றே சமைத்து உண்டு முடித்ததைப் போன்றது இது.

இதற்குத் தீர்வாகப் பெயரற்ற சிறு செயற்கூறு ஒன்றால் அழைப்பைப் பொதிந்து தருவர். இதன் பெயர் லாம்டா. 1930களில் கணித அறிஞர் அலான்சோ சர்ச் வகுத்த லாம்டா கணிதமுறையிலிருந்து வந்த பெயர் இது. மடக்கு ஒன்றை அமைத்து, ஒன்று முதல் பதினாறு வரை எண்ணி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொத்தானும் ஒரு லாம்டாவும் உருவாக்கினால் வேலை முடிந்தது போலத் தோன்றும். திரையில் 16 பொத்தான்களும் அழகாக நிற்கும். முதல் மண்டபத்தைத் தொட்டால், பதினாறாம் மண்டபத்தின் நிலை தெரியும். ஐந்தாவதைத் தொட்டாலும் பதினாறே! பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை.

காரணத்தைப் பாத்திரக்கடையே சொல்லும். குடத்தில் ஒருவருடைய பெயரை வெட்டாமல் ‘இவ்வீட்டின் மூத்தவர்’ என்று வெட்டியதாகக் கொள்வோம். அது யாரைக் குறிக்கும்? வெட்டிய நாளில் இருந்தவரையன்று. படிக்கும் நாளில் மூத்தவராக இருப்பவரையே குறிக்கும். லாம்டா மண்டப எண்ணை எடுத்துச் செல்லவில்லை. எண்ணைத் தாங்கிய மாறியின் பெயரை மட்டுமே எடுத்துச் சென்றது. விரல் பட்ட பின்னரே அம்மாறியில் என்ன இருக்கிறதென்று தேடுகிறது. அதற்குள் மடக்கு முடிந்து, மாறியில் 16 நின்றுவிடுகிறது.

இத்தகைய பிழையைச் சிறிதென எண்ணலாகாது. 1992ஆம் ஆண்டு மகாமகத்தின்போது ஏற்பட்ட நெரிசலில் பலர் உயிரிழந்தனர். அத்தகைய நாளில் கட்டுப்பாட்டு அறையின் திரை, ஒரு கரையின் நெரிசலை வினவும்போது மற்றொரு கரையின் அமைதியைக் காட்டுமானால், உதவிக்கு விரைய வேண்டியவர் இருந்த இடத்திலேயே இருப்பார். முற்றிலும் பழுதடைந்த திரையை யாரும் நம்பமாட்டார். நம்பத்தக்கதாய்த் தோன்றிப் பொய்யுரைக்கும் திரையே கொடியது.

பெயரையே வெட்டிவிடுவதுதான் திருத்தம். பைத்தானில், லாம்டாவின் அளபுருவுக்கு முன்னியல்பு மதிப்பாக மண்டப எண்ணை அளித்தால், அம்மதிப்பு லாம்டா உருவாகும் கணத்திலேயே பதிந்துவிடும். ‘பார்ஷியல்’ என்னும் கருவியும் இதையே செய்யும். அது அளபுருக்களில் சிலவற்றை முன்கூட்டியே நிரப்பிய புதிய செயற்கூற்றைத் தருகிறது. இதற்கு நெருங்கிய உறவுடைய ‘கறியிங்’ என்னும் உத்தி, ஹாஸ்கெல் கறி என்னும் அறிஞரின் பெயரால் வழங்குகிறது. சமையலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் இதே பிழையால் நெடுங்காலம் அல்லலுற்றது. 2015இல் அம்மொழியில் சேர்ந்த ‘லெட்’ அறிவிப்பு, மடக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறியைத் தந்து அதனைப் போக்கியது.

லாம்டா வசதி இல்லாத சி மொழியில் எழுதப்பட்ட நூலகங்கள் வேறு வழி கண்டன. ஜிடிகே நூலகத்தில் செயற்கூற்றைப் பதிவு செய்யும்போதே கூடுதல் தகவலின் நினைவக முகவரி ஒன்றையும் சேர்த்துத் தரலாம். அழைக்கும்போது அமைப்பு அதைப் பிரித்துப் பாராமல் அப்படியே திருப்பித் தரும். மார்க் கில்கார்டு உருவாக்கிய குளட் கருவித்தொகுப்பின் மீளழைப்புகளிலோ அவ்வசதி இல்லை. காலங்காட்டி ஒரே ஒரு முழுஎண்ணை மட்டும் ஏற்கும். ஆதலால் அதனைப் பயன்படுத்தியோர் எல்லாத் தகவலையும் பொது மாறிகளில் வைக்க நேர்ந்தது. அது பாத்திரங்களில் பெயர் வெட்டாமல், ஊருக்கெல்லாம் ஒரே பலகையில் எழுதி வைப்பதற்கு ஒப்பாகும்.

முகவரி தரும் முறையிலும் பழைய பிழை ஒளிந்திருக்கிறது. மடக்கு மாறியின் முகவரியையே 16 பொத்தான்களுக்கும் தந்தால், பதினாறும் ஒரே இடத்தைச் சுட்டும். மடக்கிருந்த செயற்கூறு முடிந்தபின் அவ்விடம் வேறு பயன்பாட்டுக்குப் போய்விடலாம். அப்போது திரையில் பதினாறுகூட வராது, பொருளற்ற ஏதோ ஓர் எண் வரும். ஒவ்வொரு மண்டபத்திற்கும் தனி நினைவிடம் ஒதுக்கி, பொத்தான் உள்ளவரை அதனை விடுவிக்காமல் காப்பது சி மொழியில் நிரலரின் பொறுப்பாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் தெருக்களைப் பொத்தான்களாகக் கொண்ட வரைபடம் ஒன்றைப் பைத்தானில் அமைத்து, எல்லாப் பொத்தான்களும் கடைசித் தெருவையே காட்டுமாறு முதலில் எழுதுக. பின் அதனைத் திருத்தி, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை வகுப்பில் விளக்குக.